பிடோங் தீவும் ஜாவி நெடுஞ்சாலையும்



2022 ஏப்ரல் 20 அதிகாலையில், பினாங்கு–கெடா எல்லையிலுள்ள சுங்கை பக்காப் தற்காலிகத் தடுப்பு முகாமிலிருந்து 528 ரோஹிங்கியா மக்கள் தப்பியோடினர். 2020 முதல் அடைபட்டிருந்தவர்கள் அவர்கள். ஜாவி அருகே நெடுஞ்சாலையைக் கடக்கையில் வாகனங்கள் மோதி அறுவர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் உண்டு.

மறுநாள் ஒரு மாணவி, “சின்னப் பிள்ளைகளை ஏன் ஐயா அடைத்து வைத்தார்கள்?” என்று வினவினாள். “அகதிகள் உடன்படிக்கையில் நம் நாடு கையெழுத்திடவில்லை, அம்மா” என்றேன்.

சொன்னது பொய்யன்று. உயிருக்கு ஆபத்துள்ள இடத்திற்கு எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பதே 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின் உயிர்நாடி. மலேசியா அதில் சேரவில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் ‘அகதி’ என்னும் வகையே இல்லை. மியன்மாரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிப் படகேறியவரும், வேலை தேடி அனுமதியின்றி நுழைந்தவரும் அதன் பார்வையில் ஒருவரே. 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 வரை பிரம்படி. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை ஓரளவு காக்கும். சட்ட உரிமை தராது.

எனினும், கையெழுத்திடாத இதே நாடுதான் 1978இல் திரெங்கானு கடலில் பிடோங் தீவு முகாமைத் திறந்தது. மறு ஆண்டே, ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 40,000 வியட்நாமியர் நெருங்கி வாழ்ந்தனர். அங்கே பள்ளியும் நடந்தது. (அதே 1979இல் பல படகுகள் கடலுக்கே இழுத்துச் செல்லப்பட்டதையும் மறைப்பதற்கில்லை.) மேலை நாடுகள் அவர்களை ஏற்க முன்வந்ததால்தான் அது இயன்றது, 1991இல் முகாம் மூடப்பட்டது. ரோஹிங்கியாக்களை அவ்வாறு அழைக்கும் நாடுகள் மிகச் சில.

ஆசிரியராகிய என்னை உறுத்துவது பள்ளிக்கூடமே. 1995இல் மலேசியா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இணைந்தபோது, இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி பற்றிய விதியை ஏற்காமல் ஒதுக்கிவைத்தது. 2003 முதல் இங்கே தொடக்கக் கல்வி கட்டாயம். அது குடிமக்களின் பிள்ளைகளுக்கே. அகதிப் பிள்ளைகளுக்குத் தொண்டர்கள் நடத்தும் கற்றல் மையங்களே கதி.

இந்தியாவும் 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடுதான். ஆயினும் 1983க்குப் பின் தமிழகம் சேர்ந்த ஈழத்தமிழரின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படித்தனர். 1991க்குப் பின் சில காலம் இடையூறுகள் நேர்ந்தன. முகாம் வாழ்வும் இனிதன்று. குடியுரிமை பலருக்கு இன்னும் கிட்டவில்லை. இருந்தும் பள்ளிக்கதவு திறந்தது. அதற்கு எந்தக் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

அன்று நான் சொன்னது பாதி விடையே. அம்மாணவி இப்போது இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டாள்.