வேதாள் டேக்டியில் தீ

பிப்ரவரி பிறந்தால் புனே வேதாள் டேக்டியில் புல் காய்ந்து பஞ்சாகிவிடும். (டேக்டி என்றால் மராத்தியில் குன்று. வேதாள், நம் விக்கிரமாதித்தன் கதை வேதாளம்தான். மேலே கோயிலே இருக்கிறது.) அணையாத ஒரு பீடித்துண்டு போதும். புகை கிளம்பினால் வாக்கிங் போகிறவர்களே பச்சைக்கிளையை ஒடித்து அடித்து அணைப்பார்கள். நானும் ஒருமுறை அடித்தேன். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் கருகியதிலிருந்து, காய்ந்த புல்லில் தீயைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். "எல்லாம் இந்த ஆடு மேய்க்கிறவன் வேலை" என்று பக்கத்தில் ஒருத்தர் திட்டிக்கொண்டே அடித்தார்.

அந்தத் திட்டு ரொம்பப் பழசு. புதுப்புல் நன்றாக முளைக்கட்டும் என்று காய்ந்ததைக் கொளுத்துவது மேய்ப்பவர்கள் வழக்கம். வெள்ளைக்காரனுக்கோ காடு என்றால் மரம். மரம் என்றால் கப்பல், தண்டவாளக் கட்டை. 1860களில் மத்திய மாகாணத்து போரி காட்டில் பியர்சன் என்ற அதிகாரி தீத்தடுப்பை ஆரம்பித்தார். 1878 வனச்சட்டம் ரிசர்வ் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. 1927 சட்டத்தின் 26-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. தமாஷ் என்னவென்றால், கோடைக்கு முன்னால் தீத்தடுப்புப் பட்டை போட வனத்துறையே புல்லை வெட்டிக் கொளுத்துகிறது!

அன்று அந்தத் திட்டுக்கு நானும் தலையாட்டினேன். தீ வைத்தது யாரென்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.