மெதுவாகப் பேசிய வானொலி

பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு பி.காம். சேர்ந்தவன் நான். முதல் மாதம் அக்கவுண்டன்சி வகுப்பில் சார் போர்டில் எழுதினால் புரியும், பேசினால் புரியாது. தெரிந்த வார்த்தைகள்தான், காதில் விழும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். சீனியர் அண்ணன் ஒருவர், "பாட்காஸ்ட் கேளுடா, தானா வரும்" என்றார். கேட்க ஆரம்பித்தேன். கூடவே, காதால் ஆங்கிலம் படிக்கும் இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்றும் தேடிப் பார்த்தேன்.

லண்டனில் லிங்குவாஃபோன் நிறுவனம் 1901-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் ஒலிப்பதிவுப் பாடம் காசு உள்ளவர்களுக்குத்தான். ஏழைக்கும் எட்டியது வானொலி. பி.பி.சி. 1943-ல் வானொலி வழியே ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது. போரில் தோற்ற ஜப்பானில் 1946-ல் ஹிராகவா தடாயிச்சி நடத்திய ஆங்கிலப் பாடத்தை வீடு வீடாகக் கேட்டார்கள்.

என்னைக் கவர்ந்தது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபர் 19 அன்று ஆரம்பித்த 'ஸ்பெஷல் இங்கிலீஷ்'. சுமார் 1500 வார்த்தைகள், சின்னச் சின்ன வாக்கியங்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அவ்வளவுதான் விதி! பனிப்போர் காலம், அமெரிக்கா தன் செய்தியை உலகத்துக்குச் சொல்ல நினைத்தது. கேட்டவர்களோ அதையே ஆங்கிலப் பள்ளிக்கூடமாக்கிக் கொண்டார்கள்.

சிற்றலையில் ஒரு வாக்கியம் தவறினால் போனதுதான். 2004-ல் பாட்காஸ்ட் என்ற பெயர் பிறந்தது. 2005-ல் தன்னார்வலர்கள் பழைய புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்யும் லிப்ரிவாக்ஸ் வந்தது. இப்போது நிறுத்தலாம், பின்னால் போகலாம், பத்து தடவை கேட்கலாம்.

காமர்ஸ் மாணவனாக ஒன்று சொல்கிறேன். கேட்பவனுக்கு இலவசம் என்றால், வேறு யாரோ ஒருவர் கணக்கில் அது செலவு. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் செலவு அமெரிக்க அரசுடையது. 2025 மார்ச்சில் அந்த அரசே கை வைத்தபோது, அதன் பெரும்பாலான ஒலிபரப்புகள் நின்றுபோயின. லிப்ரிவாக்ஸில் செலவாவது முகம் தெரியாத மனிதர்களின் நேரம்.

நான் மெதுவான நிகழ்ச்சிகளில் ஆரம்பித்தேன். அதிலேயே நின்றுவிடக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது, ஏனென்றால் வகுப்பில் யாரும் நமக்காக மெதுவாகப் பேசுவதில்லை. மூன்று மாதம் கழித்து, போர்டைப் பார்க்காமலே ஒரு கணக்கு புரிந்தது. அன்றைக்குத்தான் அந்த அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.