விளிம்பில் வெட்டிய பெயர்கள்

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எங்கள் குடும்பத் தொழில். மாஸ்கோ கிரெம்ளினின் ஆயுதசாலை அருங்காட்சியகத்தில் கூட்டமெல்லாம் ஜார்களின் மணிமுடிகளை மொய்த்து நிற்க, என் கண் போனது வெள்ளிக் கோவ்ஷ்களின் மேல்தான்.

கோவ்ஷ் என்பது படகு வடிவக் குடிகலம். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி நிமிர்ந்திருக்கும். ரஷ்யாவின் வடபகுதிக் குடியானவர்கள் நீர்ப்பறவை வடிவில் மரத்தைக் குடைந்து செய்தார்கள். தேனைப் புளிக்கவைத்த மதுவை அதில் மொண்டு அதிலேயே குடித்தார்கள். அரண்மனையில் அதுவே பொன்னாகவும் வெள்ளியாகவும் மாறியது. சிவப்புத் தேன்மதுவுக்குப் பொன், வெள்ளைக்கு வெள்ளி என்று முறை வைத்திருந்தார்கள். ஜார் மிகயீலுக்காக 1618இல் செய்த, மணிகள் பதித்த பொன் கோவ்ஷ் இன்றும் அங்கே இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டவை, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அரசு பரிசாகக் கொடுத்த வெள்ளிக் கோவ்ஷ்கள். உள்ளே அடிப்பகுதியில் இரட்டைத்தலைக் கழுகு புடைத்து நிற்கும். பக்கங்களில் சட்டமிட்ட இடங்களில் எழுத்து. கடவுள் அருளால் ஆளும் பேரரசி இன்னார் என்று தொடங்கி, 'மற்றும் பல' என்பது வரை பட்டங்களை அடுக்கிய பிறகுதான் பெற்றவர் பெயரும் காரணமும் வரும். வளைந்த வெள்ளியில் இவ்வளவையும் அடக்குவது லேசுப்பட்ட வேலை அல்ல. உளிமுனை உழுதுகொண்டே போக, வெள்ளி நூலாகச் சுருண்டு வெளியே வரும். கை ஒருமுறை வழுக்கினால் அந்தக் கீறலை மறைப்பது எளிதல்ல. இடத்தை முன்கூட்டியே அளந்து எழுத்தை வரைந்துகொள்ளாத எவனாலும் இதைச் செய்திருக்க முடியாது.

யாருக்குக் கொடுத்தார்கள்? டான் நதிக் கோசாக்குகளின் தூதுக்குழு குளிர்காலத்தில் தலைநகருக்கு வந்து ரொக்கம், தானியம், வெடிமருந்து, ஈயம் ஆகியவற்றைப் பெற்றுப்போகும். குழுத் தலைவரான அத்தமானுக்கு அத்துடன் ஒரு கோவ்ஷும் உண்டு. எல்லையைக் காப்பவர்களைத் தன்னோடு கட்டிவைக்க அரசுக்கு இது ஒரு வழி. இன்னொரு சாரார், சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்து சுங்கமும் மதுக்கடை வரியும் வசூலித்தவர்கள். குறித்த தொகைக்கு மேல் கஜானாவில் சேர்த்தால் வெள்ளிக்கலம் கிடைத்தது. அந்த உபரியில் ஏழைக் குடியானவன் குடித்துத் தீர்த்த காசும் உண்டு. அழகான அந்த எழுத்தைப் படிக்கும்போது அதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

யாயிக் நதிக் கோசாக்குகளுக்குக் கொடுத்த கோவ்ஷ்கள்தான் என்னை அதிகம் உலுக்கியவை. புகச்சோவ் என்பவர் 1773இல் கிளப்பிய கலகம் அவர்கள் நடுவில்தான் மூண்டது. அதை அடக்கிய பேரரசி கேத்தரின், 1775இல் யாயிக் என்ற பெயரையே இல்லாமல் ஆக்கினார். நதி உரால் ஆயிற்று. படையும் ஊரும் அந்தப் பெயருக்கே மாறின. ஆனால் அரசே அதற்கு முன் வெட்டிக்கொடுத்த வெள்ளியில் யாயிக் அப்படியே இருந்தது. காகிதத்தில் அடித்து எழுதலாம். வெட்டிய வெள்ளியில் அது அவ்வளவு எளிதல்ல.

19ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கம் நின்றுபோனது. பின்னாளில் ஃபாபெர்ஜே போன்ற பட்டறைகள் இதே வடிவத்தில் எனாமல் பூசிய அலங்காரப் பொருள்களைச் செய்தன. கண்ணுக்கு அழகுதான், ஆனால் என் மனம் அவற்றில் ஒட்டவில்லை.

எந்த அருங்காட்சியகத்திலாவது ஒரு கோவ்ஷைக் கண்டால், கழுகை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கங்களில் உள்ள எழுத்து என்ன சொல்கிறது என்று அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். பெற்றவரின் பெயரைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.