தோட்டி: ஊர்ப்பணியிலிருந்து நகராண்மைக் கூலிக்கு

மலாயாத் தமிழரிடையே வீட்டுக் கழிவு அகற்றுவோரைக் குறித்து வழங்கிய ‘தோட்டி’ என்னும் சொல், சென்னை மாகாணத்துச் சிற்றூர்களில் அகன்ற பொருளில் வழங்கி, நகர வாழ்க்கையில் பொருள் சுருங்கி, அச்சுருங்கிய பொருளோடு பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கு வந்து சேர்ந்தது. திருக்குறளில் காணப்படும் ‘தோட்டி’ யானையை அடக்கும் அங்குசமாகும். ஊர்ப் பணியாளரைக் குறிக்கும் தோட்டியையோ, 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி ‘தோண்டு’ என்னும் வினையோடு இணைக்கிறது. மணியக்காரருக்கும் கர்ணத்துக்கும் கீழே நின்று, ஓலை கொண்டுசெல்லுதல், பறையறைந்து செய்தி அறிவித்தல், விளைந்த பயிரைக் காத்தல் முதலிய வேலைகளைச் செய்த கடைநிலை ஊழியரே அந்நாளைய தோட்டி. சாதியின் பெயரால் இப்பணி ஒடுக்கப்பட்ட குடிகள்மீது தலைமுறைதோறும் சுமத்தப்பட்டதெனினும், களத்து நெல்லில் ஒரு பங்கும், சில ஊர்களில் மானிய நிலமும் அதற்கு ஈடாக இருந்தன. காக்கப் பயிரோ அளக்கக் களமோ இல்லாத நகரத்தில் அப்பங்கு மறைந்தது. அழுக்கு அகற்றும் வேலை ஒன்றே அப்பெயரோடு எஞ்சியது.

1786-இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய ஜார்ஜ் டவுனில், சாலை, வடிகால் முதலிய பொதுவேலைகளுக்குத் தொடக்க காலத்தில் பெரிதும் பயன்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1856-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம், சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களோடு பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகியவற்றுக்கும் சேர்த்தே நகரத் துப்புரவு விதிகளை வகுத்தமையால், சென்னைத் தெருவுக்கும் பினாங்குத் தெருவுக்கும் துப்புரவைப் பொறுத்தவரை சட்டம் ஒன்றாயிற்று. மறு ஆண்டு பினாங்கில் நகராண்மை ஆணையர் குழு அமைந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய மூன்றும் 1867-இல் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்த பின்னரும், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழரும் தெலுங்கரும் நகராண்மைக் கூலிகளாகச் சேர்ந்துவந்தனர். மலம் அகற்றும் தொழிலில் சீனரும் ஈடுபட்டனர், அம்மலம் காய்கறித் தோட்டங்களுக்கு எருவாகவும் சென்றது.

வேலையின் தன்மையை நகரின் கட்டட அமைப்பே காட்டுகிறது. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக நெருக்கமாக அமைந்த கடைவீடுகளின் பின்சுவரில், தரையை ஒட்டி, ஒரு வாளி நுழையும் அளவுக்குச் சிறு கதவு வைக்கப்பட்டிருந்தது. கழிவறை இருக்கையின் அடியில் நிரம்பிய வாளியைத் தொழிலாளி பின்சந்தில் நின்றபடி அக்கதவு வழியே இழுத்தெடுத்து, வெற்று வாளியை அதனிடத்தில் வைத்துச் செல்வார். வீட்டாரும் அவரும் ஒருவரையொருவர் காணாமலே வேலை முடிந்துவிடும். தெருவும் சேரியும் கொண்டு ஊரில் காக்கப்பட்ட தீண்டாமை, இங்கே சுகாதாரத்தின் பெயரால் சுவரிலேயே கட்டப்பட்டது.

எனினும் ஊர்த் தோட்டிக்கும் நகராண்மைத் தோட்டிக்கும் முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு. முன்னவரின் பணி பிறப்பால் வந்தது. பின்னவரின் பணி, நடைமுறையில் சாதி தொடர்ந்தபோதிலும், மாதக் கூலிக்குரியதாகையால், அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலை நாடச் சட்டத்தளவிலேனும் தடையில்லை. கழிவுநீர்க் குழாயும் மலக்குழித் தொட்டியும் பரவ, பினாங்கில் வாளி வழக்கொழிந்தது. அதனோடு தொழிற்பெயராகிய தோட்டியும் மங்கியது. தமிழ்நாட்டிலோ அச்சொல் வசையாக நீடிக்க, அரசு ஏடுகளில் துப்புரவுப் பணியாளர் என்றும், 2020-இல் தூய்மைப் பணியாளர் என்றும் பெயர் மாறிற்று. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013-இல் மற்றொரு சட்டமும் தேவைப்பட்டன. வேலைமுறை மாறாதவரை பெயர்மாற்றம் இழிவைப் போக்காது என்பதை இவ்விரு நாட்டு வரலாறுகளும் உணர்த்துகின்றன.