செட்டிநாட்டு வீட்டுக்கு ஆள் தேடுவது

காரைக்குடிப் பக்கம் வீட்டுத் தரகு பார்க்கிறவன் நான். இங்கே பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீளும். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. சீர் சாமான் பூட்டி வைக்க. நாலு பேர் குடும்பம் இதில் என்ன செய்யும்?

பர்மாவில் வட்டித்தொழில் செய்து கட்டியவை பல. 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததும் அந்த வரவு நின்றது. மிஞ்சியது பங்காளிகளின் பொதுச்சொத்தான வீடு. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம். ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், இன்னொருவர் பேச்சுவார்த்தையிலேயே இருக்க மாட்டார்.

இந்த வீடுகளைக் கேட்டு முதலில் வந்தவர்கள் வீட்டை வாங்கவில்லை, பிரித்தார்கள். தேக்குத் தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தனித்தனியாக விலைபோயின. எனக்கு அது பிடிக்காது. ஆனால் வெறும் மனையை விற்பது சுலபம், பொய் சொல்வானேன்.

பிறகு கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ் போன்ற வீடுகள் விடுதிகளாயின. இப்போது என்னிடம் வருகிறவர்கள் குத்தகைதான் கேட்கிறார்கள். பங்காளிகளுக்கும் சம்மதம்தான். முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு நாளில் மட்டும் வீட்டைக் காலி செய்து தர வேண்டுமென்று பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள்.