அமெரிக்க ஆட்சிப்பகுதிகளில் குடியுரிமையும் வாக்குரிமையும்

புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், அமெரிக்க வெர்ஜின் தீவுகள், வட மரியானா தீவுகள், அமெரிக்க சமோவா ஆகியவை அமெரிக்க ஆட்சிக்குட்பட்டவை, மாநிலங்கள் அல்ல. அதிபர் தேர்தலில் இங்கு வசிப்போருக்கு வாக்கில்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களை அரசியலமைப்பு மாநிலங்களுக்கே ஒதுக்கியிருக்கிறது. (தலைநகர் வாஷிங்டனுக்கே 1961இல் தனித் திருத்தம் தேவைப்பட்டது.) ஸ்பெயின் 1898இல் விட்டுக்கொடுத்த புவேர்ட்டோ ரிக்கோவின் மக்கள் 1917இல் குடியுரிமை பெற்றனர். ஆயினும் பிரதிநிதிகள் அவைக்கு அவர்கள் அனுப்பும் ஆணையருக்கு இறுதி வாக்கெடுப்பில் இடமில்லை. விந்தை என்னவென்றால், அதே குடிமகன் ஃபுளோரிடாவில் குடியேறினால் அதிபர் தேர்தலில் வாக்களிக்கலாம். அமெரிக்க சமோவாவில் சிக்கல் இன்னும் கூடுதல். அங்கே பிறப்போர் பொதுவாக ‘அமெரிக்க நாட்டினர்’ மட்டுமே, குடிமக்கள் அல்லர். எனினும் அமெரிக்கக் கடவுச்சீட்டு உண்டு. குடியுரிமை மறுக்கப்படுவதை எதிர்த்த வழக்கை 2022இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. மரபுவழி நில உரிமை பாதிக்கப்படும் என்றஞ்சி, அமெரிக்க சமோவா அரசே அவ்வழக்கை எதிர்த்தது.