பிரேரி வெளியின் அந்தி ஒளியும் இரு ஒளிப்பதிவாளர்களும்

ஒளிப்பதிவாளர்கள் மத்தியில் 'மாய மணி' என்றொரு வழக்கு உண்டு. சூரியன் மறைந்த பின்னர், இருள் கவிவதற்கு முன்னர், வானில் எஞ்சி நிற்கும் ஒளியையே அவ்வாறு அழைப்பர். பெயரில் மணி இருப்பினும், அது இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. இந்தச் சொற்ப நேரத்தை நம்பி ஒரு முழுநீளத் திரைப்படத்தின் கணிசமான பகுதியை எடுக்கத் துணிந்தவர் அமெரிக்க இயக்குநரான டெரன்ஸ் மலிக் ஆவார்.

1978 இல் வெளியான 'டேய்ஸ் ஒஃப் ஹெவன்' என்ற அப்படத்தின் கதை, 1916 இல் டெக்சாஸ் கோதுமை வயல்களில் நிகழ்வது. ஆனால், படப்பிடிப்பு நடைபெற்றதோ 1976 இல், கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத் தென்பகுதியிலுள்ள பிரேரிச் சமவெளியில். மலையோ அடர்ந்த மரங்களோ அடிவானை மறைக்காத நிலம் அது. அங்கு சூரியன் மறைந்ததும் வானம் முழுவதுமே ஒரு விளக்காகி விடுகிறது. நிழல் விழுவதில்லை; முகங்களில் கடுமை இல்லை. பூமத்திய ரேகைக்கு அண்மையில் சூரியன் செங்குத்தாக இறங்கி விரைவில் இருட்டிவிடும். வடக்கே அது சரிந்து இறங்குவதால் அந்தி சற்றே நீடிக்கும்.

ஒளிப்பதிவாளர் நெஸ்தோர் அல்மென்ட்ரோஸ் 1930 இல் பார்சிலோனாவில் பிறந்து, இளமையில் கியூபாவுக்குக் குடிபெயர்ந்து, பிரான்சில் புகழ்பெற்றவர். அப்போது அவரது பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. உதவியாளர் எடுக்கும் பொலரொய்ட் படங்களை உருப்பெருக்கியினூடாக ஆராய்ந்தே ஒளியமைப்பைத் தீர்மானித்தார். பகல் முழுவதும் ஆயத்தம், அந்தியில் ஓட்டம். ஒளி குறையக் குறைய, கூடுதலாக ஒளியை உள்வாங்கும் வில்லைகளை மாற்றினர். பின்னர் நிற வடிகட்டியையும் கழற்றினர். இறுதியில், விநாடிக்கு 24 சட்டகங்களுக்குப் பதிலாக 12 அல்லது 8 சட்டகங்களில் படம்பிடித்து, நடிகர்களை மிக மெதுவாக அசையச் செய்தனர்.

படப்பிடிப்பு நீண்டது. பிரெஞ்சு இயக்குநர் த்ரூபோவின் படத்துக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த அல்மென்ட்ரோஸ் இடையில் விலக நேர்ந்தது. எஞ்சிய பகுதியைத் தொடர்ந்தவர், அதற்கு முன்னரே ஒஸ்கார் விருது பெற்றிருந்த ஹஸ்கெல் வெக்ஸ்லர். அவர் தமது பாணியைப் புகுத்தாது, தொடங்கி வைத்தவரின் பாணியையே பின்பற்றினார்.

1979 இல் ஒளிப்பதிவுக்கான ஒஸ்கார் விருது அல்மென்ட்ரோஸுக்கு மட்டுமே கிடைத்தது. வெக்ஸ்லரின் பெயர் 'மேலதிக ஒளிப்பதிவு' என்ற வரியோடு நின்றுவிட்டது. திரையரங்கில் நிறுத்தற் கடிகாரத்துடன் அமர்ந்து அளந்து பார்த்ததாகவும், படத்தின் பாதிக்கு மேற்பட்டவை தாம் எடுத்த காட்சிகளே என்றும், விமர்சகர் றொஜர் ஈபெர்ட்டுக்கு அவர் கடிதம் எழுதினார்.

வெக்ஸ்லரின் மனக்குறை நியாயமானதே. எனினும், அக்குறைக்குக் காரணமானது அவரது திறமையும்தான். எங்கே ஒருவர் விட்டார், எங்கே மற்றவர் தொடர்ந்தார் என்பதைச் சாதாரண பார்வையாளரால் கண்டுபிடிக்க இயலாது. தையல் தெரியாமல் தைத்தவரின் பெயரே பின்னுக்குப் போயிற்று.

அல்மென்ட்ரோஸ் 1992 இலும் வெக்ஸ்லர் 2015 இலும் காலமாகினர். அந்தப் பிரேரி அந்தியைப் புகழ்ந்து பேசுவோர் இரு பெயர்களையும் சேர்த்தே உச்சரிப்பது முறையாகும்.